இரண்டாம் பாடமாக இசை: ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் முடியாத ஒரு விவாதம்

இலக்கியத்தையோ தத்துவத்தையோ முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டு, இசையைத் துணைப்பாடமாகப் படிக்க வரும் ஒரு மாணவர் குறைந்தபட்சம் எதைக் கற்றுத் தேற வேண்டும்? ஜெர்மனியில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளாகப் பதில் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், மறுபடியும் எழுதுகிறார்கள். ஐந்து கோட்டு இசைக்குறியீட்டைத் தடங்கலின்றிப் படிக்க வேண்டும் என்றார்கள். லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். பியானோ கொஞ்சமாவது வாசிக்க வேண்டும் என்றார்கள். பிறகு பல இடங்களில் இவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள்.

கல்வி அங்கே மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 16 மாநிலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று தேர்வு விதிகளை வகுத்துக்கொள்கிறது. அதனால் ‘ஜெர்மனியில் இசைத் துணைப்பாடத்துக்கான தகுதி’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வாதங்கள் திரும்பத் திரும்ப வருபவைதாம். அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் பலவீனமாகின்றன என்று பார்த்தால் ஒரு பொதுப் போக்கு தெரிகிறது. துணைப்பாடத்தை யாரும் தனியாக யோசித்து உருவாக்கியதாகத் தெரியவில்லை. வேட்டியில் கிழித்த துண்டைப் போல, முதன்மைப் பாடத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டித் துணைப்பாடம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

கணிதத்தின் பக்கத்தில் இருந்த இசை

இடைக்காலப் பல்கலைக்கழகத்தில் இசைக்கு இருந்த இடமே வேறு. எண்கணிதம், வடிவியல், வானியல் ஆகியவற்றோடு நான்காவதாக இசையும் எண்களின் கலையாகக் கருதப்பட்டது. யோகான்னெஸ் தெ மூரிஸ் எழுதிய இசைக்கோட்பாட்டு நூல்கள் மத்திய ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தன. மாணவர் பாட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சுரங்களுக்கு இடையிலான விகிதங்கள் தெரிந்தால் போதும். இன்றைய பொருளில் அதைத் துணைப்பாடம் என்று சொல்ல முடியாது. ஆனால் இசைக்கலைஞராகப் போகாதவருக்கும் இசையறிவு வேண்டும் என்ற எண்ணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஏற்பாடு மங்கிய பிறகு இசை வேறு வாசல் வழியாகத் திரும்பியது. இசையமைப்பாளர் பாகின் முதல் வாழ்க்கை வரலாற்றை 1802இல் வெளியிட்ட யோகான் நிக்கோலாஸ் ஃபோர்க்கெல், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இசை இயக்குநராக இருந்தவர். 1830இல் அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸ் பெர்லினில் இசைப் பேராசிரியரானார். இசையியலைத் தனித்துறையாக வரையறுத்த புகழ்பெற்ற கட்டுரையை 1885இல் கீடோ ஆட்லர் எழுதினார். வரலாற்று இசையியல், முறைமை சார்ந்த இசையியல் என்று அவர் பிரித்த இரண்டு கிளைகள் இன்றுவரை ஜெர்மன் பாடத்திட்டங்களின் எலும்புக்கூடாக இருக்கின்றன. ஒலியியல், உளவியல், பிற நாட்டு இசைகளின் ஒப்பாய்வு ஆகியவை இரண்டாவது கிளையில் விழுந்தன. பிற்காலத்தில் துணைப்பாடத்துக்கு நேரம் குறைந்தபோது பெரும்பாலும் முதலில் வெட்டப்பட்டது அந்தக் கிளைதான் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

கெஸ்டன்பெர்க்கின் ஏற்பாடு

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் லியோ கெஸ்டன்பெர்க். ஃபெருச்சியோ பூசோனியிடம் பயின்ற பியானோக் கலைஞர், சோஷலிஸ்ட், யூதர். 1918 இறுதியில் பிரஷ்யக் கல்வி அமைச்சகத்தில் சேர்ந்து, மழலையர் பள்ளி முதல் இசை உயர்கல்வி நிறுவனம் வரை ஒரே கோட்டில் இணைக்கும் திட்டத்தை 1921இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன் பள்ளி இசை ஆசிரியர் என்றால் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர், அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் லத்தீன் ஆசிரியருக்கு இருந்த மரியாதை அவருக்கு இல்லை.

1922இல் வந்த பிரஷ்யத் தேர்வு விதிகள் இதை மாற்ற முயன்றன. மேல்நிலைப் பள்ளியில் இசை கற்பிக்க விரும்புபவர் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இசை உயர்கல்வி நிறுவனத்தில் கலைப்பயிற்சி பெற வேண்டும். கூடவே பல்கலைக்கழகத்தில் ஒரு துணைப்பாடமும் படிக்க வேண்டும். அப்படித் தேறியவருக்கு மற்றப் பாட ஆசிரியர்களுக்குச் சமமான பதவி. இங்கே துணைப்பாடம் இசை அல்ல, இசைக்காரர் படிக்கும் இன்னொரு பாடம். அந்த இன்னொரு பாடம்தான் இசை ஆசிரியரின் அந்தஸ்தை உயர்த்தியது என்பது, இசைக்கு அந்தச் சமூகம் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் வலிமை அதன் இருகால் நிலைதான். கலையும் ஆய்வும் ஒரே மாணவரிடம் சந்திக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. பலவீனமும் அதே இடத்தில் இருந்தது. மாணவர் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஓடினார். இரண்டையும் இணைக்கும் பொறுப்பு எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஜெர்மன் இலக்கியத்தை முதன்மையாகவும் இசையைச் சிறிய அளவிலும் படிக்க விரும்பியவருக்கு இதில் இடமே கிடையாது. 1932இல் கெஸ்டன்பெர்க் பதவியிலிருந்து அகற்றப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் போனாலும் இருகால் ஏற்பாட்டின் சட்டகம் நிலைத்தது. ஆசிரியர் பயிற்சியில் இசையோடு இன்னொரு பாடம் என்பது இன்றும் பல மாநிலங்களில் வழக்கம். ஆனால் பவேரியா போன்ற இடங்களில், உயர்நிலைப் பள்ளிகளுக்கான பயிற்சியில் இசையையே இரட்டைப் பாடமாக எடுக்கவும் வழியுண்டு.

பாடுவதா, அறிவதா?

கெஸ்டன்பெர்க்கின் காலத்திலேயே இன்னொரு தரப்பும் வளர்ந்தது. ஃப்ரிட்ஸ் யோடெ முன்னின்று நடத்திய இளைஞர் இசை இயக்கத்தினர், கூடிப் பாடுவதும் கூடி வாசிப்பதுமே இசைக்கல்வியின் உயிர் என்றார்கள். இந்த நோக்கில் பார்த்தால் துணைப்பாட மாணவருக்குக் கட்டாயமாக்க வேண்டியது சேர்ந்திசைக் குழு. கோட்பாடு பிறகு வரட்டும். 1950களில் தத்துவ அறிஞர் தியோடோர் அடோர்னோ இதைக் கடுமையாக மறுத்தார். கூடிச் செய்வதையே விழுமியமாக்கினால் செய்யப்படும் இசையின் தரமும் உண்மையும் பின்னுக்குப் போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த இசையியலாளர் கார்ல் டால்ஹௌஸின் எழுத்துகளும் இசைப் படைப்பை, அதாவது எழுதப்பட்டுப் படிக்கத்தக்க படைப்பை, வரலாற்றின் மையத்தில் வைத்தன.

அடோர்னோவின் எச்சரிக்கைக்கு அரசியல் பின்னணி உண்டு; கூட்டாகப் பாடுவதை நாஜிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கண்ட தலைமுறை அது. ஆனால் அதன் விளைவாக, பல்கலைக்கழக இசையியல் துறைகளில் செய்முறை இசை பாடத்திட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பல்கலைக்கழக சேர்ந்திசைக் குழுவும் வாத்தியக் குழுவும் இருந்தன, இருக்கின்றன. ஆனால் மருத்துவ மாணவரும் பொறியியல் மாணவரும் மாலையில் வந்து வாசித்துப் போகும் இடமாகவே அவை பெரும்பாலும் இருக்கின்றன. துறையின் தேர்வு விதிகளில் அவற்றுக்கு என்ன எடை என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

புள்ளிக் கணக்கு

1960களிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை ‘மாகிஸ்டர்’ பட்டம் கலைப்புலங்களை ஆண்டது. ஒரு முதன்மைப் பாடமும் இரண்டு துணைப்பாடங்களும், அல்லது இரண்டு முதன்மைப் பாடங்கள். துணைப்பாடத்துக்கான கட்டாயங்கள் குறைவு, சுதந்திரம் அதிகம். ஆனால் நுழைவாயிலில் சில பழைய காவலர்கள் நின்றார்கள்: பல பல்கலைக்கழகங்களில் லத்தீன் தகுதிச் சான்று, ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட், செவிப் பயிற்சி. இறுதிவரை போகாமல் நின்றுவிடுபவர்கள் அதிகம் என்ற குறையும் அந்த முறைமேல் நீண்டநாள் இருந்தது.

ஐரோப்பியப் பட்டப்படிப்புகளை ஒத்திசைக்க 1999இல் கையெழுத்தான போலோஞா அறிக்கைக்குப் பிறகு எல்லாம் புள்ளிகளாயின. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 180 புள்ளிகள். ஜெர்மனியில் ஒரு புள்ளி என்றால் மாணவரின் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. இந்த 180ஐ எப்படிப் பங்கிடுவது என்பதில் ஒருமை இல்லை. மியூனிக் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தில் வழக்கமான பங்கீடு 120–60. ஹைடல்பெர்க் விகிதங்களில் பேசுகிறது: முக்கால், பாதி, கால். கோட்டிங்கனின் இருபாட இளநிலையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 66. கொலோனில் 78ம் 78ம். 60 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் மாணவருக்கு இசைக்காகக் கிடைப்பது 1500 முதல் 1800 மணிநேரம். அதில் வகுப்பறை நேரம் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கில் ஒரு சின்ன விதி பெரிய விளைவை உண்டாக்கியது. ஒரு பாட அலகு பொதுவாக ஐந்து புள்ளிக்குக் குறையக் கூடாது என்கின்றன அங்கீகார விதிமுறைகள். செவிப் பயிற்சி போன்றவை வாரம் ஒன்றிரண்டு மணிநேரமாக, பல பருவங்களுக்கு நீட்டிச் சொல்லித்தர வேண்டியவை. காது ஒரே பருவத்தில் பழகிவிடாது. விதிக்கு இணங்க அவற்றை இன்னொன்றோடு சேர்த்து ஒரே அலகாகக் கட்ட வேண்டியதாயிற்று. முதன்மை மாணவருக்கு மூன்றாண்டு பரவியிருந்த பயிற்சி, துணைப்பாட மாணவருக்கு ஒன்றிரண்டு அலகுகளில் அடங்கிப்போனது. இதை யாரும் கல்விக் கொள்கையாக முன்வைத்து வாதாடவில்லை. நிர்வாக ஏற்பாட்டின் உபவிளைவாக வந்தது. திருத்தங்களைப் பற்றிய விவாதத்தில் கொள்கைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இந்த மாதிரி விதிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

விதிகளை யார் திருத்துவது என்பதும் கேள்வியின் ஒரு பகுதி. 1973இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கற்பித்தல், ஆய்வு குறித்த முடிவுகளில் பேராசிரியர்களுக்குத் தீர்மானகரமான எடை வேண்டும் என்றது. மாணவருக்கும் குழுக்களில் இடம் உண்டு; ஆனால் அந்த இடங்களில் அமர்பவர் பெரும்பாலும் முதன்மைப் பாட மாணவர்தான். துணைப்பாட மாணவர் தன் நேரத்தின் பெரும்பகுதியை வேறு கட்டடத்தில் கழிக்கிறார்.

குறியீடு என்னும் வாயில்

இன்றைய விவாதத்தின் நெருக்கடி முழுவதும் கடைசியில் ஒரு புள்ளியில் வந்து குவிகிறது: ஐந்து கோட்டுக் குறியீட்டைப் படிக்கத் தெரியாதவர் இசையைத் துணைப்பாடமாக எடுக்கலாமா?

‘கூடாது’ என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐரோப்பியக் கலையிசையின் ஆவணங்கள் அந்தக் குறியீட்டில்தான் இருக்கின்றன. ஹூகோ ரீமான் வகுத்த சுரக்கூட்டுக் கோட்பாடு ஜெர்மன் வகுப்பறைகளில் இன்றும் புழங்குகிறது. அதைக் குறியீடு இல்லாமல் கற்பிப்பது கடினம். மூலத்தைப் படிக்கத் தெரியாத இலக்கிய மாணவரை ஏற்போமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

‘வேண்டும் என்பதில்லை’ என்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் சமூக நீதியின் பக்கமிருந்து பேசுகிறார்கள். குறியீடு பள்ளியில் ஒழுங்காகக் கற்பிக்கப்படுவதில்லை. காசு கொடுத்துத் தனி வகுப்புக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கே அது கைவரும். ஆகவே அதைத் தகுதியாக்கினால் வசதியைத் தகுதியாக்குவதாகும். இரண்டாம் வகையினர் அறிவுத் துறையின் பக்கமிருந்து பேசுகிறார்கள். ஒலிப்பதிவும் கணினியும் வந்த பின் இசையின் ‘மூலம்’ தாளில் மட்டும் இல்லை. பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் 1983இல் வெகுசன இசைக்கான ஆய்வு மையத்தை நிறுவிய பீட்டர் விக்கேயின் பணி இந்தத் தரப்புக்கு ஜெர்மனியிலேயே முன்னோடியாக இருந்தது. எழுதப்படாத, ஸ்டுடியோவில் கட்டப்படும் இசையை ஆராயக் குறியீட்டைவிட ஒலிப்பதிவு நுட்பம் பற்றிய அறிவு அதிகம் உதவும்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே காற்று வீசியது. அமெரிக்காவின் கல்லூரி இசைச் சங்கத்தின் பணிக்குழு 2014இல் இளநிலை இசைப்படிப்பை அடியோடு மாற்ற வேண்டும் என்று அறிக்கை தந்தது. ஹார்வர்டு 2017இல் தன் முதன்மை இசைப்படிப்பின் கட்டாயங்களைத் தளர்த்தியது. ஃபிலிப் யூவெல் 2020இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க இசைக்கோட்பாட்டுக் கல்வியை வெள்ளையின மையவாதத்தின் கோணத்தில் விமர்சித்து ஜெர்மனியிலும் வாசிக்கப்பட்டது. ஷெங்கர் போன்ற ஜெர்மன் மொழிக் கோட்பாட்டாளர்களே அங்கே விசாரிக்கப்பட்டார்கள் அல்லவா. ஆனால் அமெரிக்க வாதத்தை அப்படியே இறக்குமதி செய்வதில் சிக்கல் இருக்கிறது. அங்கே கல்லூரிக்குள்ளேயே செய்முறை இசையும் ஆய்வும் ஒன்றாக இருக்கின்றன. ஜெர்மனியில் 24 அரசு இசை உயர்கல்வி நிறுவனங்கள் கலைஞரை உருவாக்குகின்றன, பல்கலைக்கழகத் துறைகள் ஆய்வாளரை உருவாக்குகின்றன. பல்கலைக்கழகத்தில் குறியீட்டுத் தகுதியை நீக்கினால், அந்த மாணவர் அதைப் பிறகு கற்க வேறு இடம் எளிதில் கிடைக்காது.

இரண்டு தரப்பிலும் ஒரு கவனக்குறைவு தெரிகிறது. துணைப்பாட மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. இன்னொரு துறையின் கருவிகளைக் கொண்டு வருகிறார். மொழியியல் மாணவருக்கு ஒலிக்கூறு ஆய்வு தெரியும். சமூகவியல் மாணவருக்குக் கள ஆய்வு தெரியும். கணினி மாணவர் ஒலி அலையை அளக்கக் கூடியவர். அந்தக் கருவிகளை இசையின்மேல் செலுத்தச் சொல்லும் கட்டாய அலகு ஒன்று இருந்தால், குறியீட்டைப் பற்றிய சண்டையின் சூடு கொஞ்சம் தணியக்கூடும். குறியீடு தேவைப்படும் மாணவருக்கு அதைக் கற்பிக்கலாம், தேவைப்படாதவருக்கு வேறொன்று.

யாருடைய இசை?

1900இல் கார்ல் ஷ்டும்ஃப் தொடங்கிய பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகம் உலக இசையை ஆராய்வதில் ஜெர்மனியை முன்னணியில் நிறுத்தியது. அங்கே பணியாற்றிய ஹோர்ன்போஸ்டல், ஆபிரகாமோடு சேர்ந்து 1904இலேயே இந்திய இசைப் பதிவுகளைப் பற்றி எழுதினார். 1933க்குப் பின் ஹோர்ன்போஸ்டலும் குர்ட் சாக்ஸும் வெளியேற, அந்தப் பள்ளி சிதறியது. போருக்குப் பின் அதன் மிச்சத்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் யோசஃப் குக்கெர்ட்ஸ். கர்நாடக இசையின் வடிவத்தையும் மெலடி அமைப்பையும் பற்றி அவர் 1970இல் இரண்டு தொகுதிகளில் வெளியிட்ட ஆய்வு, நம் இசையைப் பற்றி ஐரோப்பிய மொழி எதிலும் வந்த கனமான நூல்களில் ஒன்று. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது: சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பாடத்திட்டத்துக்கு உருக்கொடுத்த பி. சாம்பமூர்த்தி 1930களின் தொடக்கத்தில் மியூனிக்கில் படித்தவர்.

ஆனால் ஆய்வுப் பொருளாக இருப்பது ஒன்று, தகுதியாக ஏற்கப்படுவது இன்னொன்று. துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானது 1961இல். அதன்வழி வந்த துருக்கியக் குடும்பங்களின் வீட்டு வாத்தியமான பாக்லமா பெர்லினில் ‘ஆண்டின் வாத்தியம்’ என்று அறிவிக்கப்பட்டது 2013இல். மன்ஹைம் பாப் அகாதெமி 2015இல் உலக இசைக்கான இளநிலைப் படிப்பைத் தொடங்கி பாக்லமாவையும் ஊத் என்னும் நரம்பு வாத்தியத்தையும் முதன்மை வாத்தியங்களாக்கியது. அரை நூற்றாண்டு ஆயிற்று. துருக்கியரோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகமான ஈழத்தமிழர்களின் பிள்ளைகளும் ஹாமிலும் பெர்லினிலும் வார இறுதி வகுப்புகளில் வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் பயில்கிறார்கள். தரவரிசைத் தேர்வுகள் எழுதிச் சான்றிதழும் வாங்குகிறார்கள். இசை உயர்கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கு அந்தச் சான்றிதழ் மாற்றாகாது. அங்கே காட்ட வேண்டியது அங்கே கேட்கப்படும் திறன்.

இதற்கு முன்வைக்கப்படும் தீர்வு எளிமையானது போலத் தெரியும்: எல்லா இசைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நடைமுறையில் அது அவ்வளவு எளிதல்ல. மதிப்பிட யார் இருக்கிறார்கள்? ஆதி தாளத்தில் ஒரு கோர்வை சரியாக விழுந்ததா என்று சொல்ல, அதை அறிந்த ஒருவர் தேர்வுக் குழுவில் வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்காமல் கதவை மட்டும் திறந்தால், வருபவரின் இசையை ‘வேறுபட்ட பண்பாடு’ என்று பாராட்டி, அதன் தரத்தைப் பார்க்காமல் விடும் அபாயம் இருக்கிறது. பாராட்டி ஒதுக்குவதும் ஒதுக்குவதுதான்.

பள்ளிகளின் அவசரம்

இந்த விவாதத்துக்குள் இன்னொரு அவசரமும் நுழைந்திருக்கிறது. பெர்டெல்ஸ்மன் அறக்கட்டளை, ஜெர்மன் இசைக் கவுன்சில் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கப்பள்ளிகளில் நடத்தப்பட வேண்டிய இசை வகுப்புகளில் 43 சதவீதமே பயிற்சி பெற்ற ஆசிரியர்களால் நடத்தப்படுகின்றன. சுமார் 23,000 ஆசிரியர்கள் தேவைக்குக் குறைவு. தகுதியைத் தளர்த்தினால் ஆட்கள் வருவார்கள் என்பது ஒரு தரப்பு. ஒரு தரமும் இல்லாமல் வகுப்பறைக்குப் போகிறவர் இரண்டே ஆண்டில் வேறு பாடத்துக்கு மாறிவிடுவார் என்பது மறுதரப்பின் அச்சம். தளர்த்தலால் எண்ணிக்கை கூடும் என்பதற்கும் கூடாது என்பதற்கும் வலுவான ஆதாரம் இன்னும் திரளவில்லை. நுழைவுத் தேர்வின் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணியின் நிலைமை அதைவிடப் பெரிய காரணமாகவும் இருக்கலாம்.

தீராதவை

லத்தீனைப் பற்றிய சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. துணைப்பாட மாணவருக்காக அதைத் திரும்பக் கொண்டுவர வாதாடுபவர் இன்று அரிது. வெகுசன இசைக்கு இடமுண்டா என்ற கேள்வியும் பழையதாகிவிட்டது. குறியீட்டைப் பொறுத்தவரை, அதை நுழைவாயிலில் கேட்பதை விட்டுவிட்டு முதலாண்டில் கற்பிப்பது ஒரு நியாயமான நடுவழியாகத் தோன்றுகிறது. ஆனால் 60 புள்ளிகளுக்குள் அந்த முதலாண்டுச் செலவு எதை வெளியே தள்ளும் என்று சொல்லாமல் அந்த யோசனையை முன்வைப்பது பாதி யோசனைதான்.

தீராத இடம் வேறு. 2018 முதல் படிப்புகளின் அங்கீகாரம் எட்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் படிப்பின் பயனைக் காட்ட வேண்டும். இசையைத் துணைப்பாடமாகப் படித்தவர்கள் பின்னாளில் அதை எங்கே பயன்படுத்துகிறார்கள்? பதிப்பகத்திலா, வானொலியிலா, அருங்காட்சியகத்திலா, மாலை நேரச் சேர்ந்திசைக் குழுவில் மட்டுமா? மாணவர் எண்ணிக்கை குறித்து வெளியாகும் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களின் தலைப்பு எண்கள் முதல் பாடத்தை வைத்தே தொகுக்கப்படுகின்றன. இரண்டாம் பாடம் அட்டவணைகளின் உள்ளே எங்கோ கிடக்கிறது. அந்த மாணவர்களைத் தனிக் கூட்டமாக வைத்துப் பின்தொடரும் ஆய்வு வரும்வரை, அவர்களுக்கு எது கட்டாயம் என்பதை முதன்மைப் பாட மாணவரைப் பார்த்தே துறைகள் தீர்மானித்துக்கொண்டிருக்கும்.